வீடு கேட்டவர்களின் வாக்கு

லண்டனின் கிழக்கு ஓரத்தில், தேம்ஸ் நதியை ஒட்டியிருக்கிறது பார்கிங்-டாகன்ஹாம். லண்டனின் 32 பரோக்களில், அதாவது உள்ளாட்சிப் பகுதிகளில், ஒன்று. 2022 வரை 17 வார்டுகள், வார்டுக்கு மூன்று பேர் வீதம் 51 கவுன்சிலர்கள். 2006 மே மாதம் இங்கே நடந்த கவுன்சில் தேர்தலில் பிரிட்டிஷ் தேசியக் கட்சி 13 பேரை நிறுத்தியது. 12 பேர் ஜெயித்தார்கள். கூடுதலாக ஆள் நிறுத்தியிருந்தால் கூடுதலாகவே ஜெயித்திருக்கும் என்றுதான் அந்தக் கணக்கைப் பார்க்கும் யாருக்கும் தோன்றும். வெள்ளையர் அல்லாதவர் உறுப்பினராகச் சேரவே முடியாது என்று அப்போது விதி வைத்திருந்த கட்சி அது. காலங்காலமாகத் தொழிலாளர் கட்சியின் கோட்டையாக இருந்த ஊரில், அது கவுன்சிலின் பிரதான எதிர்க்கட்சியாகிவிட்டது.

நான்கு வருடம் கழித்து, 2010 மே 6 அன்று அடுத்த தேர்தல். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 51 இடமும் தொழிலாளர் கட்சிக்கே போனது.

வெறுப்பு அரசியலை ஓர் ஊர் எழுந்து நின்று தோற்கடித்த கதையாக இங்கிலாந்தில் இதைச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு இடம் முதலில் எப்படிக் கைவிட்டுப் போனது என்பதைச் சொல்லாவிட்டால் கதை பாதியில் நிற்கும். அதைச் சொல்வதற்கு வீட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு நல்ல வீடு கட்டித் தருவோம் என்று அன்றைய அரசு வாக்குக் கொடுத்தது. கிழக்கு லண்டனின் இருட்டுச் சந்துகளில் குடும்பம் குடும்பமாக ஒரே அறையில் கிடந்த ஏழைகளுக்காக, லண்டன் கவுண்டி கவுன்சில் 1921இல் இங்கே பெக்கன்ட்ரீ குடியிருப்பைக் கட்டத் தொடங்கியது. பதினைந்து வருடத்துக்குள் சுமார் 26,000 வீடுகள் எழுந்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்கள் குடியேறினார்கள். உலகிலேயே மிகப் பெரிய அரசுக் குடியிருப்பு அன்றைக்கு அதுதான். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, குழாயில் தண்ணீர், முன்னும் பின்னும் தோட்டம். வாடகைக்கு வந்தவர்களுக்கு விதிகளும் உண்டு: ஜன்னல் கண்ணாடியைத் துடைத்து வைக்க வேண்டும், முன் தோட்டத்து வேலிச்செடியை மட்டமாக வெட்டி வைக்க வேண்டும். அழகான தோட்டத்துக்குப் பரிசும் கொடுத்தார்கள். இந்த வேலிச்செடியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேர்தலில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது.

1931இல் ஃபோர்டு கார் தொழிற்சாலை வந்தது. 1950களில் அங்கே 40,000 பேர் வரை வேலை பார்த்தார்கள். 1968இல் கார் இருக்கை உறை தைக்கும் பெண்கள் சம ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் செய்தது இந்த டாகன்ஹாம் ஆலையில்தான்; அதன் பலனாக 1970இல் சம ஊதியச் சட்டம் வந்தது. அப்பா ஃபோர்டில், மகனும் ஃபோர்டில், வீடு கவுன்சில் கொடுத்தது, சங்கம் தொழிலாளர் கட்சியோடு என்று இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தது. 2002 பிப்ரவரியில் கடைசி ஃபியஸ்டா கார் வெளியே வந்ததோடு கார் தயாரிப்பு நின்றது. இன்ஜின் மட்டும் தொடர்ந்தது.

வேலை போனதைவிடப் பெரிய மாற்றம் அதற்கு முன்பே நடந்திருந்தது. 1980இல் மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த வீட்டுவசதிச் சட்டம், கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் பெரிய தள்ளுபடியில் அதையே சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்றது. வாங்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வாழ்நாள் முழுக்க வாடகை கட்டிய ஃபோர்டு தொழிலாளி, தன் பெயரில் ஒரு பத்திரம் என்று ஆசைப்பட்டதில் என்ன தப்பு? தப்பு சட்டத்தில் இருந்தது. விற்ற பணத்தைக் கொண்டு புது வீடு கட்டக் கவுன்சில்களுக்குக் கை கட்டப்பட்டிருந்தது. வீடுகள் போய்க்கொண்டே இருந்தன, புதிதாக எதுவும் வரவில்லை. மகளுக்குக் கல்யாணமாகி, பேரப்பிள்ளையும் பிறந்து, அவள் பெயர் கவுன்சிலின் காத்திருப்புப் பட்டியலில் வருடக்கணக்காகக் கிடந்தது.

இதே நேரத்தில் லண்டனிலேயே வீட்டு விலை மலிவான இடம் இதுதான். நகரத்தின் மற்ற பகுதிகளில் கட்டுப்படியாகாதவர்கள் இங்கே வந்தார்கள். நைஜீரியா, கானா போன்ற நாடுகளிலிருந்து வந்து லண்டனில் வேலை பார்த்த குடும்பங்கள் கடன் வாங்கி வீடு வாங்கின. முன்பு கவுன்சில் வீடாக இருந்ததை வாங்கியவர் விற்றுவிட்டுப் போக, அது தனியார் கைக்கு மாறி வாடகைக்குப் போனது. சிலவற்றில் வேறு பரோ கவுன்சில்கள் தங்கள் வீடற்ற குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவைத்தன. 2001 கணக்கெடுப்பில் இங்கே வெள்ளை பிரிட்டிஷ் மக்கள் சுமார் 81 சதவீதம். 2011இல் அது 49 சதவீதம். பத்தே வருடத்தில் ஒரு தெருவின் முகம் இப்படி மாறியது.

பெக்கன்ட்ரீயில் பிறந்து வளர்ந்த ஒரு பாட்டியின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். எதிர் வீடு அவர் கண்ணுக்கு இன்னமும் கவுன்சில் வீடுதான், ஏனென்றால் அதைக் கட்டியது கவுன்சில். அது எப்போதோ விற்கப்பட்டது, இரண்டு மூன்று கை மாறியது என்பதெல்லாம் வாசலில் எழுதி ஒட்டியிருப்பதில்லை. தன் பேத்திக்குக் கிடைக்காத வீட்டில் புதிதாக ஓர் ஆப்பிரிக்கக் குடும்பம் சாமான் இறக்குவதை மட்டும் அவர் பார்க்கிறார். கவுன்சில்தான் கொடுத்திருக்கிறது என்று முடிவு கட்டுகிறார். அந்த முடிவுக்குப் பிரிட்டிஷ் தேசியக் கட்சி ஒரு துண்டுப் பிரசுரம் அடித்துக் கதவு கதவாகப் போட்டது: இந்தப் பக்கம் வீடு வாங்க ஆப்பிரிக்கர்களுக்குக் கவுன்சில் 50,000 பவுண்டு வரை தருகிறதாம். அப்படி ஒரு திட்டமே கிடையாது. முழுப் பொய். ஆனாலும் அந்தப் பொய், ஆறாத ஒரு காயத்தின் மேல் போய் உட்கார்ந்தது. வீடு இல்லை என்பது நிஜம். யாரால் இல்லை என்பதில்தான் பொய்.

இப்படி நடப்பது கிழக்கு லண்டனுக்குப் புதிதும் அல்ல. 1993 செப்டம்பரில் டவர் ஹாம்லெட்ஸ் பரோவின் மில்வால் வார்டு இடைத்தேர்தலில் இதே கட்சி ஏழு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. அங்கேயும் தேர்தல் பேச்சு வீட்டு ஒதுக்கீடுதான். அடுத்த வருடமே அந்த இடம் பறிபோனது. 2004இல் பார்கிங்-டாகன்ஹாமின் கோர்ஸ்புரூக் வார்டு இடைத்தேர்தலில் பாதிக்கு மேல் வாக்கு வாங்கி மறுபடி தலை தூக்கியது. அபாய மணி அன்றைக்கே அடித்துவிட்டது. பலர் காதில் விழவில்லை.

2006 தேர்தலுக்குச் சில வாரம் முன்பு, பார்கிங் தொகுதியின் தொழிலாளர் கட்சி எம்.பி. மார்கரெட் ஹாட்ஜ், தன் தொகுதியில் பத்துக்கு எட்டு வெள்ளைத் தொழிலாளர் குடும்பங்கள் இந்தக் கட்சிக்கு வாக்களிக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுகிறார் என்று சொந்தக் கட்சிக்காரர்களே கடிந்தார்கள். அடுத்த வருடம், வீடு ஒதுக்கும்போது நீண்ட காலமாக வசிப்பவர்களுக்கு முன்னுரிமை வேண்டும் என்று எழுதி இன்னொரு சர்ச்சையில் மாட்டினார். நாஜிக்களிடமிருந்து தப்பி ஓடிய யூதக் குடும்பத்தில், எகிப்தில் பிறந்தவர் ஹாட்ஜ். இனவெறுப்பு என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. என்றாலும் அந்த முன்னுரிமைப் பேச்சு எதிரியின் வாதத்தையே பாதி ஒப்புக்கொண்டது போலத்தான் எனக்குப் படுகிறது. அவர் சரியாகச் செய்தது வேறு. 2006க்குப் பிறகு தெருத்தெருவாக இறங்கினார். தொகுதிவாசிகளுக்குக் கடிதம் போட்டு, காபிக்கு அழைத்து, உலக விஷயம் பேசாமல் உங்கள் தெருவில் என்ன பிரச்சினை என்று கேட்டார். கேட்டதைக் கவுன்சிலிடம் கொண்டுபோனார்.

அங்கேதான் அந்த வேலிச்செடி மறுபடி வருகிறது. மக்கள் சொன்ன குறைகளில் அடிக்கடி வந்தது முன் தோட்டம். பழைய மெத்தை, உடைந்த சோபா, இடுப்புயரக் களை என்று வாடகை வீடுகளின் முன்வாசல் கிடந்த கோலம். ஒரு காலத்தில் தோட்டத்துக்குப் பரிசு வாங்கிய தெருக்கள் அவை. கண்ணை உறுத்தும் தோட்டங்களைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கவுன்சில் கெடுபிடி காட்டியது. இது இனத்தைப் பற்றிய பேச்சே இல்லை; ஆனால் கவுன்சில் என்று ஒன்று இருக்கிறது, நாம் சொன்னால் அதற்குக் காது கேட்கிறது என்று காட்டியது. தொழிலாளர் கட்சியும் தன் பழைய கவுன்சிலர்கள் பலரை ஒதுக்கிப் புதுமுகங்களை நிறுத்தியது.

மறுபக்கம், ஜெயித்து வந்த பன்னிரண்டு பேரும் எதையும் சாதிக்கவில்லை. அவர்களின் தலைவர் ரிச்சர்ட் பார்ன்புரூக், நடக்காத கொலைகளை நடந்ததாகச் சொன்னதற்காக 2009இல் ஒரு மாதம் இடைநீக்கம் செய்யப்பட்டார். குப்பை அள்ளவில்லை, கூரை ஒழுகுகிறது என்று வருகிறவருக்கு வெறுப்பால் என்ன செய்ய முடியும்?

2010இல் நாடாளுமன்றத் தேர்தலும் கவுன்சில் தேர்தலும் ஒரே நாளில் வந்தன. பிரிட்டிஷ் தேசியக் கட்சித் தலைவர் நிக் கிரிஃபின் நேரடியாக ஹாட்ஜை எதிர்த்துப் பார்கிங்கில் நின்றார். அவரை எதிர்த்து வேலை செய்ய வெளியூர்களிலிருந்து நூற்றுக்கணக்கான தொண்டர்கள் வந்து இறங்கினார்கள். இனவெறி எதிர்ப்பு அமைப்பான ‘ஹோப் நாட் ஹேட்’, தொழிற்சங்கங்கள், பார்கிங்கிலேயே பிறந்த பாடகர் பில்லி பிராக் எனப் பலரும் களத்தில் நின்றார்கள்.

பிரிட்டனில் பிரசாரம் என்றால் பெரும்பாலும் கதவு தட்டுவதுதான். ஒலிபெருக்கி அபூர்வம், கட்அவுட் கிடையாது. தெருவின் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக மணி அடிப்பார்கள். நம்மவர், எதிராளி, இன்னும் முடிவு செய்யாதவர் என்று ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துக் குறி. வாக்குப்பதிவு நாளில் சாவடி வாசலில் சட்டையில் கட்சிப் பூ குத்திய ஒருவர் உட்கார்ந்து, வந்து போகிறவரின் பட்டியல் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். அந்த எண்களை எடுத்துக்கொண்டு ஓடி, நம்மவர் பட்டியலில் இன்னும் வராதவர் யாரென்று பார்த்து, இரவு பத்து மணிக்குச் சாவடி மூடும் வரை அவர் கதவை மறுபடி மறுபடி தட்டுவார்கள். ஆப்பிரிக்கத் தேவாலயங்களிலும் வாக்களிக்கச் சொல்லி அழைப்பு போனது. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் சட்டப்படி பிரிட்டனில் வசித்தால், பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலே வாக்களிக்கலாம். நைஜீரியருக்கும் கானாக்காரருக்கும் உள்ள இந்த உரிமை, இந்தியா, இலங்கைக் குடியுரிமையோடு அங்கே வாழும் நம்மவர்களுக்கும் உண்டு. பலர் இதை அறியாமலே இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

ஹாட்ஜ் 16,555 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். வெளியேறுங்கள், திரும்பி வராதீர்கள் என்று மேடையிலேயே அந்தக் கட்சிக்குச் சொன்னார். கிரிஃபின் மூன்றாம் இடம். கவுன்சில் முடிவும் வந்தபோது, பன்னிரண்டு பேரும் காலி.

ஆனால் ஒரு கணக்கை யாரும் அதிகம் பேசுவதில்லை. 2005 நாடாளுமன்றத் தேர்தலில் அந்தக் கட்சி பார்கிங்கில் வாங்கியது 4,916 வாக்கு. 2010இல் கிரிஃபின் வாங்கியது 6,620. எண்ணிக்கை கூடியிருக்கிறது! வாக்குப்பதிவு 50 சதவீதத்திலிருந்து 61 சதவீதமாக ஏறியது, அவர்களின் பங்கு குறைந்தது. வெறுப்புக்கு வாக்களித்தவர்கள் எல்லோரும் மனம் மாறிவிடவில்லை. அதுவரை வீட்டில் இருந்தவர்கள் எழுந்து வந்து அவர்களைவிட அதிகமாக நின்றார்கள். 2014 கவுன்சில் தேர்தலில் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலக வேண்டும் என்ற யூகிப் கட்சிக்கு இங்கே கணிசமான வாக்கு விழுந்தது. 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலக 62 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். லண்டனில் அப்படி வாக்களித்த பரோக்கள் ஐந்துதான்.

கவுன்சிலில் மட்டும் இதன் சுவடே தெரியவில்லை. 2014, 2018, 2022 மூன்று தேர்தலிலும் 51க்கு 51 தொழிலாளர் கட்சியே. வார்டில் எத்தனை இடமோ ஒரு வாக்காளருக்கு அத்தனை வாக்கு, அதிகம் வாங்கியவர்கள் வெற்றி என்ற முறையில், வார்டில் முந்தும் கட்சி எல்லா இடத்தையும் அள்ளிக்கொள்கிறது. மூன்றில் ஒருவர் எதிராக வாக்களித்தாலும் அவைக்குள் அவர் குரல் பூஜ்யம். ஸ்காட்லாந்து 2007இலேயே கவுன்சில் தேர்தலுக்கு வாக்குக்கு ஏற்ப இடம் தரும் விருப்ப வரிசை முறைக்கு மாறிவிட்டது. வட அயர்லாந்தில் அது 1973 முதல் உண்டு. இங்கிலாந்து இன்னும் பழையதைக் கட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி வீட்டுக்கு வருவோம். பார்கிங்-டாகன்ஹாம் கவுன்சில் 2017இல் ‘பி ஃபர்ஸ்ட்’ என்று சொந்தமாக ஒரு நிறுவனம் தொடங்கி வீடு கட்டியது. ஆற்றங்கரையில் பார்கிங் ரிவர்சைடு என்று 10,000க்கும் அதிகமான வீடுகளின் திட்டம் எழுகிறது. 2022இல் அங்கே ரயிலும் வந்துவிட்டது. அவற்றில் எத்தனை வீட்டின் வாடகை, பட்டியலில் காத்திருக்கும் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் என்பதுதான் அந்த ஊரின் முக்கியமான கேள்வி. 2022 தேர்தல் முடிந்தபோது, ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மட்டுமே இருந்த அவையில் அதைக் கேட்க, எதிர் வரிசையில் உட்கார யாரும் இருக்கவில்லை.