வாழை நட்டவர் ஒருவர், நிவாரணம் பெறுபவர் வேறொருவர்

தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான திருவைகுண்டம் அணை 1873-இல் கட்டி முடிக்கப்பட்டது. அதன் வடகாலும் தென்காலும் பாயும் நிலப்பரப்பே தூத்துக்குடி மாவட்டத்தின் வாழைச் சமவெளி. அதன் நடுவே, ஆற்றங்கரையில் உள்ள ஏரல் இன்று தனி வட்டத்தின் தலைமையிடமாக வளர்ந்திருக்கிறது. ஆனால், அவ்வளர்ச்சியில் நிலமற்ற தலித் மக்களின் பங்கு என்ன?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழை இக்கேள்விக்கு விடை சொன்னது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. ஏரல் துண்டிக்கப்பட்டது, வாழைத் தோட்டங்கள் நீரில் மூழ்கின. வாழை ஏறத்தாழ ஓராண்டுப் பயிர். தார் வெட்டும் முன் அழிந்தால் ஆண்டு முழுவதற்குமான முதலும் உழைப்பும் போய்விடும்.

பயிர் நிவாரணத்துக்குப் பட்டாவும் அடங்கலுமே ஆதாரம். அடங்கலில் சாகுபடியாளர் பெயர் இல்லையென்றால், கடன் வாங்கிக் கன்று நட்டவருக்கு இழப்பும் நில உடைமையாளருக்கு நிவாரணமும் போய்ச் சேரும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழக மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அவர்களது சாகுபடிப் பரப்போ பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே நிலப்பதிவேட்டை மட்டும் நம்பும் நிவாரணம், சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியின்படி பங்கிடப்படுகிறது.

வாய்மொழிக் குத்தகைக்குச் சட்டத்தில் இடமில்லை என்பது தவறான நம்பிக்கை. 1955-ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், வெளிப்படையான ஒப்பந்தத்தை மட்டுமன்றி நடத்தையால் உணரப்படும் ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. தாமே உழைத்துச் சாகுபடி செய்பவர் குத்தகைதாரரே. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்கீழ், பதிவேட்டில் தம் பெயரைச் சேர்க்குமாறு அவர் விண்ணப்பிக்கலாம். குத்தகைப் பணம் கொடுத்த சீட்டு, உரக்கடை ரசீது, தார் விற்ற மண்டிச் சீட்டு, அண்டை வயல்காரர் சாட்சியம் ஆகியவை சான்றாகும்.

உடைமையாளர் குத்தகையையே பறித்துவிடுவாரோ என்ற அச்சமே விண்ணப்பிக்கவிடாமல் தடுக்கிறது. தனியொருவர் கேட்டால் பறிப்பது எளிது. ஊராகத் திரண்டு கேட்டால் எளிதன்று. குத்தகையும் இல்லாத கூலித் தொழிலாளர்க்கு வேறு வழி வேண்டும். வாழ்வாதாரம் கடுமையாகப் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு உதவித்தொகை வழங்க, மாநிலப் பேரிடர் நிதியின் விதிமுறைகளில் இடமுண்டு. அதைக் கேட்டுப் பெறுவதும் நம் கடமை.

அடுத்த வெள்ளம் வந்தபின் மனு எழுதுவதில் பயனில்லை. சட்டம் பயிலும் மாணவர்கள் இப்போதே ஊர்களுக்குச் சென்று, யார் எந்த நிலத்தில் உழைக்கிறார்கள் என்பதை எழுதத் தொடங்க வேண்டும். பதிவேட்டில் ஏறாத உழைப்பை அரசு காணாது. அதை ஏற்றுவதே நாம் முதலில் நடத்த வேண்டிய நிலப் போராட்டம்.