பெருங்கெளிறும் சிறு தொட்டியும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் மக்களுக்குக் கெளிறு புதிய மீன் அன்று. தோணியிலிருந்து வலையை இழுத்தெடுக்கும் மீனவர், கெளிற்றைக் கண்டதும் முதலில் அதன் முதுகிலும் இரு பக்கங்களிலும் உள்ள முட்களையே நோக்குவர். அம்முள் தைத்தால் கை கடுத்து வீங்கும். பிடிபட்ட மீன் தன் பக்க முட்களை அவற்றின் பொருத்துக் குழியில் உராய்ந்து ஒருவகைக் கிறீச்சொலி எழுப்புவதையும் அவர்கள் அறிவர். செதிள் இல்லாத வழவழப்பான உடலும், வாயைச் சுற்றி மீசைபோல் அமைந்த உணர்விழைகளும் இந்த மீன்குலத்தின் பொதுவான அடையாளங்கள். கண் உதவாத கலங்கல் நீரிலும் இரையைத் தேடித் தருவது இம்மீசையே. வயல் வாய்க்கால்களிலும் சேற்றுக் குட்டைகளிலும் கிடைக்கும் சுங்கான், மகாவலி ஆற்றிலும் உலர்வலயக் குளங்களிலும் வாழும் வாளை ஆகியனவும் இக்குலத்தைச் சேர்ந்தவையே. கடலில் பிடிபடும் சாவாளை வேறு. இந்த நன்னீர் வாளை வேறு.

இவற்றின் உறவினங்கள் சில, உலகின் பேராறுகளில் மனிதனை விடப் பெரிதாக வளர்கின்றன. மீகொங் ஆற்றின் பெருங்கெளிறு அவற்றுள் தலையாயது. 2005ஆம் ஆண்டு தாய்லாந்தின் வடபகுதியில் பிடிபட்ட ஒரு மீன் 2.7 மீற்றர் நீளமும் 293 கிலோ எடையும் கொண்டதாக இருந்தது. அமேசன் ஆற்றின் செவ்வாற் கெளிறு ஒரு மீற்றருக்கு மேல் வளரக்கூடியது. மீகொங் பகுதியின் மற்றொரு கெளிறான பங்காசியசும் அத்தகையதே. பின்னைய இரண்டின் குஞ்சுகளும் அலங்கார மீன் வாணிகத்தில் விற்கப்படுகின்றன. விரலளவே உள்ள குஞ்சு கண்ணாடித் தொட்டியில் மீசையை அசைத்துக்கொண்டு உலவும் அழகைக் கண்டு, அதை விலைக்கு வாங்குவோர் பலர். வாங்கியது குஞ்சு; வளர்க்க வேண்டியதோ ஆற்றுப் பேருயிர். இந்த வேற்றுமையை முன்னரே எண்ணிப் பாராமையே பின்னர் வரும் இடர்கள் அனைத்திற்கும் வித்தாகும்.

'தொட்டியின் அளவுக்கு ஏற்பவே மீன் வளரும்' என்றொரு நம்பிக்கை மக்களிடையே பரவியுள்ளது. இது உண்மையன்று. ஒடுங்கிய தொட்டியில் மீனின் வளர்ச்சி குன்றுவதுண்டு. ஆனால் அது அழுக்கு நீரினாலும் நெருக்கத்தினாலும் நேரும் நலிவேயன்றி, இயற்கை செய்துகொள்ளும் இணக்கம் அன்று. நலிவுற்ற மீன் முதுகு வளைந்தும் நோயுற்றும் காலத்துக்கு முன்னரே மடிகிறது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஆறடி நீளமும் ஈரடி அகலமும் ஈரடி உயரமும் உள்ள தொட்டி, வீட்டளவில் மிகப் பெரியது எனலாம். அதன் கொள்ளளவு 24 கன அடி. ஏறத்தாழ 680 லீற்றர் நீர் அதில் அடங்கும். நான்கடி நீள மீன் ஈரடி அகலத் தொட்டியில் உடலை வளைக்காமல் திரும்பவே இயலாது. எடையின் கணக்கு இன்னும் வியப்பானது. மீனின் நீளம் இரு மடங்காகும்போது அதன் எடை எட்டு மடங்காகும். அரையடிக் குஞ்சு நான்கடி மீனாகும்போது நீளம் எட்டு மடங்கு. எடையோ 500 மடங்குக்கும் மேல். உண்ணும் உணவும் வெளிவிடும் கழிவும் அவ்வாறே பெருகுகின்றன.

மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நச்சுப்பொருள் நீரில் சேர்கிறது. ஆற்றிலே ஓடும் வெள்ளம் அதைக் கரைத்துக் கொண்டுசெல்லும். தொட்டியிலோ அதற்குப் போக்கிடம் இல்லை. வடிகட்டியின் கற்களிலும் பஞ்சிலும் குடியேறும் பற்றீரியாக்கள் அதைப் படிப்படியாக மாற்றி, தீங்கு குறைந்த நைத்திரேற்று ஆக்குகின்றன. அதையும் நீக்குவதற்கு நீரின் ஒரு பகுதியை அடிக்கடி மாற்ற வேண்டும். பெருமீனுக்கு இவ்வேலை சிறு வாளியால் முடிவதன்று. வெப்பம் மிகுந்த நீர் குறைந்த அளவு ஒட்சிசனையே தாங்கும். வைகாசி தொடங்கி ஆவணி வரை மட்டக்களப்பில் வெயில் கொளுத்தும் காலத்தில், காற்றூட்டும் பம்பி மின்தடையால் சில மணி நேரம் நின்றாலே பெருமீன் மூச்சுத் திணறும்.

உணவிலும் இயல்பிலும் அறியவேண்டியவை உண்டு. இவற்றுட் பல இரவில் இரைதேடுபவை. பகலில் மறைவிடம் நாடுபவை. செவ்வாற் கெளிறும் நம் வாளையும் வாய்க்குள் அடங்கும் எந்த மீனையும் விழுங்கிவிடும். நேற்று வரை உடன் உலவிய மீன் இன்று இரையாகலாம். செவ்வாற் கெளிறு தொட்டியின் அடியிலுள்ள கூழாங்கற்களையும் விழுங்கித் துன்புறுவதுண்டு. பங்காசியசோ கூட்டமாக நெடுந்தூரம் பயணம் செய்யும் மீன், எளிதில் மிரளும். தொட்டியருகே ஆள் நடமாடினாலே கண்ணாடியில் மோதி மூக்கைப் புண்ணாக்கிக் கொள்ளும்.

அவ்வாறாயின் பெருங்கெளிற்றை அடைத்து வளர்ப்பதே தகாததா? அப்படியும் சொல்வதற்கில்லை. மீகொங் பெருங்கெளிறு ஆற்றில் அருகிப் போனதைக் கண்ட தாய்லாந்து மீன்வளத் துறையினர், 1983ஆம் ஆண்டு, பிடிபட்ட மீன்களிலிருந்து முட்டையும் விந்தும் எடுத்துச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்தனர். அக்குஞ்சுகள் பெருங்குளங்களில் வளர்க்கப்பட்டுப் பல ஆண்டுகளின் பின் இனப்பெருக்கப் பருவத்தை எய்தின. இங்கே அடைத்து வளர்த்தல் ஓர் இனத்தைக் காக்கும் பணியாயிற்று. ஆனால் அதற்குக் குளமும், நீரும், பயின்ற ஆட்களும், பல்லாண்டுப் பொறுமையும் தேவைப்பட்டன. 2005இல் பிடிபட்ட அப்பெருமீன் மனிதர் கையில் பிழைக்காமல் மாண்டு, இறைச்சியாகவே விலைபோயிற்று என்பதையும் மறத்தல் ஆகாது.

வீட்டில் வளர்ப்பவர் ஒருநாள் தொட்டி போதாது என்று உணர்கிறார். கொல்ல மனம் வரவில்லை. அருகில் வாவி இருக்கிறது. இரக்கத்தால் மீனை அங்கே விட்டுவிடுகிறார். இந்த இரக்கமே பெருங்கேடாக முடியக்கூடும். கொழும்பையடுத்த பெல்லன்வில - அத்திடிய சதுப்பு நிலத்தில் இன்று காணப்படும் கத்திமீன், அலங்கார மீனாக இந்நாட்டுக்கு வந்ததே. தொட்டியின் பாசியைத் தின்பதற்காக வாங்கப்படும் 'டேங்க் கிளீனர்' என்னும் கவசக் கெளிறும் இலங்கையின் நீர்நிலைகளில் பரவிவிட்டது.

வேண்டுமென்று விடாவிட்டாலும் வெள்ளம் விட்டுவிடும். 2018ஆம் ஆண்டுக் கேரளப் பெருவெள்ளத்தின்போது வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிய அரப்பைமா போன்ற வேற்றுநாட்டுப் பெருமீன்கள் அங்குள்ள ஆறுகளில் பிடிபட்டன. மட்டக்களப்பிலோ மாரிதோறும் வெள்ளம் வருவது வழக்கம். 2011ஆம் ஆண்டுத் தை மாத வெள்ளத்தை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாரியில் ஆற்று நீர் புகுந்து வாவியின் உப்பு குறையும்போது, வளவுக் குட்டையிலிருந்து தப்பிய நன்னீர் மீன், வாவி வழியே ஆற்றையும் குளத்தையும் அடைவது கடினமன்று.

1952ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும் வேற்றுநாட்டு மீன்தானே, அது இன்று உள்நாட்டு மீன்பிடிக்கு ஆதாரமாக விளங்கவில்லையா என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் திலாப்பியா பெரும்பாலும் பாசியையும் மக்கிய பொருளையும் உண்டு பெருகுவது. பெருங்கெளிறுகளுட் பல பிற மீன்களைத் தின்பவை. அன்றியும், ஒரு மீனை நாட்டின் நீரில் விடலாமா என்பது ஆராய்ந்து பொறுப்புடன் முடிவு செய்யவேண்டிய காரியம். தனியொருவர் மாலைப் பொழுதில் வாளியுடன் சென்று செய்துவிடும் காரியம் அன்று.

ஆகவே மீன் வளர்க்க விரும்புவோர், குஞ்சின் அழகைப் பார்க்குமுன் அதன் முழு வளர்ச்சியைக் கேட்டறிதல் வேண்டும். இடம் போதாதெனின் வாங்காது விடுதலே அறிவுடைமை. ஏற்கெனவே வளர்ப்போர், மீன் பெருத்துவிட்டால் கடைக்காரரிடமோ, வசதியுள்ள வேறு வளர்ப்பாளரிடமோ, காட்சிச்சாலையிடமோ ஒப்படைக்க முயலலாம். குட்டையில் வளர்ப்போர் வெள்ள மட்டத்துக்கு மேல் வரம்பு கட்டி, நீர் வெளியேறும் வழிக்கு வலையிடுதல் நலம். எவ்வழியும் இல்லையெனின், மீனை வாவியில் விடுவதிலும் துன்பமின்றிக் கொன்றுவிடுவதே மேல். கேட்பதற்குக் கொடியதாகத் தோன்றினும், வாவியில் வாழும் எண்ணற்ற மீன்களுக்கும், அவற்றை நம்பித் தோணியேறும் குடும்பங்களுக்கும் செய்யும் இரக்கம் அதுவே.