மொட்டை மாடி சோலார்: புணே குடும்பங்களின் சந்தேகங்களும் விளக்கங்களும்

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது புணே. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகமும் மழையும். மற்ற எட்டு மாதங்களும் பெரும்பாலும் தெளிந்த வானம்தான். அந்த வெயிலை மின்சாரமாக்க மத்திய அரசு 2024 பிப்ரவரியில் 'பிஎம் சூர்ய கர்: முஃப்த் பிஜ்லி யோஜனா' திட்டத்தைத் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு. ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். ஆனாலும் ராஸ்தா பேட்டிலும் கட்கியிலும் பிம்ப்ரி-சிஞ்ச்வடிலும் வாழும் நம் தமிழர்கள் பலர் இன்னும் தயங்குகிறார்கள். அவர்களிடையே அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

மாதம் 300 யூனிட் மின்சாரத்தை அரசே இலவசமாகத் தருமா?

தராது. இத்திட்டம் பற்றிய பெரிய தவறான எண்ணம் இதுதான். அரசு தருவது கருவி வாங்குவதற்கான மானியம். மின்சாரம் உங்கள் மாடியில் உள்ள பேனலிலிருந்துதான் வர வேண்டும். 3 கிலோவாட் அமைப்பு மாதம் சராசரியாக 300 யூனிட்டுக்கு மேல் தரும் என்பதால்தான் அந்த எண்ணைச் சொல்கிறார்கள்.

முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. ஆக, 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டுக்கோ அதற்கு மேலோ 78,000 ரூபாய். மானியம் கிடைக்க, உள்நாட்டில் செய்த சோலார் செல்களைக் கொண்ட பேனல்களையே பொருத்த வேண்டும். மாதம் 100 யூனிட்டுக்குக் குறைவாகச் செலவிடும் வீடுகளுக்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களுக்கும் மகாராஷ்டிர அரசு 2025இல் 'ஸ்மார்ட்' என்ற கூடுதல் மானியத் திட்டத்தை அறிவித்திருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் வேண்டும்?

விற்க வருபவரிடம் இதைக் கேட்க வேண்டாம். உங்கள் மின்கட்டண ரசீதே பதில் சொல்லும். கடந்த 12 மாதங்களில் செலவான யூனிட்டுகளைக் கூட்டி 12ஆல் வகுங்கள். 1 கிலோவாட் அமைப்பு புணேயில் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட், மாதத்துக்கு 120 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். மாதச் சராசரி 240 யூனிட் என்றால் 2 கிலோவாட் போதும். 350 யூனிட் என்றால் 3 கிலோவாட். விரைவில் ஏசியோ மின்சார ஸ்கூட்டரோ வாங்கப் போகிறீர்கள் என்றால் அதையும் கணக்கில் சேருங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, கிலோவாட்டுக்கு 80 முதல் 100 சதுர அடி வரை நிழல் விழாத பரப்பு தேவை.

பெரிதாகப் போட்டுவிட்டு மிச்ச மின்சாரத்தை விற்றுச் சம்பாதிக்கலாமா?

வேண்டாம். வீட்டு சோலாருக்குப் பொருந்துவது 'நெட் மீட்டரிங்' முறை. பகலில் நீங்கள் செலவிட்டது போக மிஞ்சும் மின்சாரம் மின்விநியோக நிறுவனமான மகாவிதரணின் கம்பிக்குப் போகும். இரவில் அங்கிருந்து வாங்குவீர்கள். மாதக் கடைசியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் ரசீது வரும். மிச்ச யூனிட்டுகள் அடுத்த மாதக் கணக்குக்குப் போகும். ஆனால் மார்ச் 31இல் நிதியாண்டு முடியும்போது மிஞ்சியிருப்பதை, மின் ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் விலைக்கு மகாவிதரண் எடுத்துக்கொள்ளும். நீங்கள் மின்சாரம் வாங்கும் விலையைவிட அது மிகக் குறைவு. ஆகவே உங்கள் செலவில் ஒரு யூனிட்டைக் குறைப்பதே லாபம்; கூடுதலாக ஒரு யூனிட் தயாரித்து விற்பதில் லாபம் இல்லை.

கணக்கிடும் விதிகளை மகாராஷ்டிர மின் ஒழுங்குமுறை ஆணையம் அவ்வப்போது திருத்தும். விண்ணப்பிக்கும் நாளில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்று மகாவிதரண் அலுவலகத்தில் கேட்டு, நெட் மீட்டரிங் ஒப்பந்தத்தை முழுதும் படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்?

மகாராஷ்டிரத்தில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகிறது: மாதம் 100 யூனிட் வரை ஒரு விலை, 101 முதல் 300 வரை ஒரு விலை, அதற்கு மேல் இன்னும் அதிகம். முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்குப் போகும்போது யூனிட் விலை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இதன் மேல் 16 சதவீத மின்வரியும் உண்டு. சோலார் முதலில் குறைப்பது இந்த விலை உயர்ந்த யூனிட்டுகளைத்தான்.

மாதம் 240 யூனிட் செலவிடும் குடும்பம் 2 கிலோவாட் அமைப்பு போட்டால், மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் மிச்சமாகும். தரமான 2 கிலோவாட் அமைப்பு 1.2 லட்சம் ரூபாய் ஆகிறது என்று கொண்டால், 60,000 ரூபாய் மானியம் போகக் கையிலிருந்து போடுவது 60,000. மூன்று ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும். சந்தை விலை சற்றே கூடினாலும் நான்கு, ஐந்து ஆண்டுகளைத் தாண்டாது. பேனல்களுக்கு வழக்கமாக 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் உண்டு. இடையில் இன்வெர்ட்டரை ஒருமுறையாவது மாற்ற வேண்டி வரலாம். அதற்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.

மாதம் 80, 90 யூனிட் மட்டுமே செலவிடும் வீட்டில் கணக்கு வேறு. அங்கே மிச்சமாவது மலிவான யூனிட்டுகள் என்பதால் முதல் மெதுவாகத்தான் திரும்பும். கூடுதல் மானியம் கிடைத்தால் மட்டும் 1 கிலோவாட் போடலாம்.

மின்கட்டணம் பூஜ்யமாகிவிடுமா?

ஆகாது. உங்கள் இணைப்புக்கான நிலைக்கட்டணம் தொடர்ந்து வரும். 'ஜீரோ பில்' என்று எழுதித் தருகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

நான்கு மாதம் மழை. சோலார் வீணாகக் கிடக்காதா?

மழைக்காலத்தில் உற்பத்தி குறைவது உண்மைதான். ஏப்ரலோடு ஒப்பிட்டால் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பாதியளவுக்குக்கூட இறங்கலாம். ஆனால் மேகத்தினூடே வரும் வெளிச்சத்திலும் பேனல் வேலை செய்யும், நின்றுபோகாது. நாளுக்கு 4 யூனிட் என்ற சராசரி, இந்த மாதங்களையும் சேர்த்துப் போட்டதுதான்.

பேனலுக்குத் தேவை வெளிச்சம். வெப்பம் அதற்கு ஆகாது. 25 டிகிரி வெப்பத்தில் அளந்த திறனையே பேனலின் பின்புறம் அச்சிடுகிறார்கள். மே மாத நண்பகலில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தொடும்போது, திறன் பத்து சதவீதத்துக்கும் மேல் குறைகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புணேயில் வானம் தெளிவாகவும் காற்று குளிராகவும் இருப்பதால், பகல் குறுகியிருந்தாலும் உற்பத்தி நன்றாக இருக்கும்.

மாடியில் நிழல் விழுகிறதா என்று எப்போது பார்க்க வேண்டும்?

டிசம்பரில். புணேயில் மே 13, 14 வாக்கில் சூரியன் நண்பகலில் நேர் தலைக்கு மேலே நிற்கும். அப்போது எதற்கும் நிழல் விழாது. அந்த நேரத்தில் மாடியைப் பார்த்து இடம் குறித்தவர்கள் குளிர்காலத்தில் ஏமாறுகிறார்கள். டிசம்பர் பிற்பாதியில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்து, அடிவானிலிருந்து 48 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். பேனல் மட்டத்துக்கு மேல் 10 அடி உயரமுள்ள தண்ணீர்த் தொட்டியின் நிழல், வடக்கே 9 அடிவரை நீளும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். ஒரு பேனலின் ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும், அதோடு தொடராக இணைந்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையக்கூடும்.

எனவே தொட்டிக்கும் மாடிப்படிக் கூரைக்கும் தெற்கே பேனல்களை வையுங்கள். பேனல்கள் தெற்கு நோக்கி, 18 முதல் 20 டிகிரி வரை சாய்ந்திருக்கட்டும். பக்கத்து மனையில் அடுக்குமாடி எழ வாய்ப்பிருந்தால் அதையும் யோசியுங்கள்.

மின்தடை ஏற்பட்டால் வீட்டில் விளக்கு எரியுமா?

பேட்டரி இல்லாத சாதாரண சோலார் அமைப்பில் எரியாது. வியாழக்கிழமைகளில் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும்போது, கொளுத்தும் வெயிலிலும் உங்கள் சோலார் நின்றுவிடும். இது கோளாறு அல்ல. வெளியே மின்சாரம் இல்லாதபோது உங்கள் மாடியிலிருந்து கம்பிக்கு மின்சாரம் போனால், கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிர் போய்விடும். அதைத் தடுக்கவே இன்வெர்ட்டர் தானாக அணைகிறது. இந்தப் பாதுகாப்பை எவரும் மாற்றியமைக்க அனுமதிக்காதீர்கள்.

மின்தடையின்போதும் மின்சாரம் வேண்டும் என்றால் பேட்டரியும் அதற்கேற்ற ஹைபிரிட் இன்வெர்ட்டரும் போடலாம். செலவு கணிசமாகக் கூடும். மின்தடை குறைவான பகுதிகளில் பேட்டரி இல்லாத அமைப்பே சிக்கனம்.

நாங்கள் ஃபிளாட்டில் இருக்கிறோம். மாடி சொசைட்டிக்குச் சொந்தம். என்ன செய்வது?

புணேயில் பெரும்பாலோரின் நிலைமை இதுதான். தனி வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் நன்மையை ஃபிளாட்வாசிகள் கூட்டாகப் பெற முடியும். லிஃப்ட், தண்ணீர் பம்பு, படிக்கட்டு விளக்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எந்திரம் ஆகியவை ஓடும் பொது மீட்டருக்கு சோலார் போட, சொசைட்டிக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மின்வாகன சார்ஜிங் வசதியும் இதில் அடங்கும். வீட்டுக்கு 3 கிலோவாட் என்ற கணக்கில், அதிகபட்சம் 500 கிலோவாட் வரை போடலாம்.

20 கிலோவாட் அமைப்புக்கு 3,60,000 ரூபாய் மானியம் வரும். 2,000 சதுர அடி வரை இடம் வேண்டும். மாதம் சராசரியாக 2,400 யூனிட் கிடைக்கும். பொது மின்கட்டணம் குறைந்தால் ஒவ்வொரு குடும்பத்தின் பராமரிப்புத் தொகையையும் குறைக்கும்படி கேட்கலாம். வாடகைக்கு இருப்பவருக்கும் அதில் பலன் சேரும். பொது மீட்டரின் ஓராண்டு ரசீதுகளையும் குறைந்தது மூன்று நிறுவனங்களின் விலைப்பட்டியலையும் பொதுக்குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். சோலார் இயங்கும் சொத்துகளுக்குப் புணே மாநகராட்சி சொத்துவரியில் தரும் சலுகையையும் விசாரியுங்கள்.

புயல் காற்றில் பேனல் பறந்துவிடாதா? மாடி ஒழுகாதா?

2020 ஜூன் 3 அன்று அலிபாக் அருகே கரையேறிய நிசர்கா புயல், புணே மாவட்டத்திலும் மரங்களையும் கூரைகளையும் சாய்த்தது. எனவே இந்தக் கேள்வி நியாயமானது. கட்டடங்களின் காற்றுச் சுமை பற்றிய இந்தியத் தரநிலை ஐஎஸ் 875, புணேவுக்கு நொடிக்கு 39 மீட்டர், அதாவது மணிக்கு 140 கி.மீ. வேகத்தை அடிப்படையாகக் கொள்கிறது. அதைத் தாங்கும் வடிவமைப்பு என்று நிறுவனத்திடம் எழுத்தில் வாங்குங்கள். மாடியில் துளை போடுவதாக இருந்தால் அதை அடைத்து நீர்க்காப்புப் பூச்சு பூசுவதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மாடி ஏற்கெனவே ஒழுகினால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

ஊரில் கடலோரத்தில் உள்ள பெற்றோர் வீட்டுக்கும் இதே அமைப்பைப் போடலாமா?

மத்திய அரசின் மானியம் அங்கும் இதே அளவுதான். ஆனால் உப்புக்காற்று இரும்பை அரித்துவிடும் என்பதால், சட்டங்கள் நன்கு துத்தநாகப் பூச்சு ஏற்றியவையாகவோ அலுமினியமாகவோ இருக்கட்டும். போல்ட், நட்டு துருப்பிடிக்காத எஃகில் வேண்டும். பேனல் உப்புப் பனிச் சோதனையில் தேறியதாக இருக்க வேண்டும். சென்னைக்குத் தரநிலை சொல்லும் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர் என்பதால் தாங்குசட்டமும் இன்னும் வலுவாக வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆகவே அதிகம் செலவிடும் வீடுகளுக்கே அங்கு லாபம் கூடுதல்.

பராமரிப்பு பெரும் தொல்லையா?

இல்லை. கட்டட வேலைகளின் தூசியும் புறா எச்சமும்தான் புணேயில் முக்கியப் பிரச்சினை. மழையில்லா மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பேனல் சூடேறும் முன் அதிகாலையில் தண்ணீரும் மென்மையான துடைப்பமும் கொண்டு கழுவினால் போதும். போர்வெல் நீர் உப்புக்கறை படியச் செய்யும் என்பதால் அது வேண்டாம்; சோப்பும் வேண்டாம். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் பொருத்தித் தரும் நிறுவனம் ஐந்து ஆண்டுகள் பராமரிக்கக் கடமைப்பட்டது.

எப்படி விண்ணப்பிப்பது? அலைய வேண்டியிருக்குமா?

பிஎம் சூர்ய கர் தேசிய வலைதளத்தில் உங்கள் மகாவிதரண் நுகர்வோர் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி, 10 கிலோவாட் வரையான விண்ணப்பங்களுக்குத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை. அவை ஏற்கப்பட்டதாகவே கருதப்படும். பதிவு பெற்ற நிறுவனத்தைத் தேர்ந்து அமைப்பைப் பொருத்தியதும், மகாவிதரண் நெட் மீட்டர் வைத்துப் பரிசோதிக்கும். பிறகு மானியம் நேரடியாக உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அதை 'வாங்கித் தருகிறேன்' என்று தரகு கேட்பவரை நம்பாதீர்கள். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். நெட் மீட்டர் ஓடும்வரை நிறுவனத்துக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள். கையில் பணம் இல்லாதவர்கள் அரசு வங்கிகளில் அடமானமில்லாக் கடன் கேட்கலாம்.

என் வீட்டு மாடியால் நாட்டுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

மகாராஷ்டிரத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. சந்திரபூர் போன்ற அனல்மின் நிலைய ஊர்களின் மக்கள் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார்கள். 3 கிலோவாட் அமைப்பு ஆண்டுக்கு 4,300 யூனிட் அளவுக்குத் தரும்; இந்திய மின்தொகுப்பின் சராசரிப்படி அது ஏறக்குறைய 3 டன் கரியமில வாயுவைத் தவிர்க்கும். நம் வீட்டு விளக்குக்காக இன்னொரு ஊர்க் குழந்தை இருமும் நிலையைக் கொஞ்சமேனும் குறைப்பது, கட்டணச் சேமிப்பைவிடப் பெரிய பலன்.

சொந்த மாடி இருந்து, மாதம் 100 யூனிட்டைத் தாண்டுகிறவர்கள் இனியும் தள்ளிப்போடக் காரணம் இல்லை. ஃபிளாட்டில் இருப்பவர்கள் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்திலேயே இதைப் பேசுங்கள். மானியம் நடப்பில் இருக்கும்போதே 12 மாத ரசீதுகளை எடுத்து வைத்துக் கணக்கிடத் தொடங்குங்கள்.