வில் தாங்கும் பாரம்

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிற்கூடங்களுக்கு வந்து சேரும் சரக்கும், அங்கிருந்து புறப்படும் சரக்கும் இயல்பில் முரண்பட்டவை. வருவது களிமண். செறிவும் எடையும் மிக்க அது, வழியில் எவ்வளவு குலுங்கினாலும் கெடுவதில்லை. புறப்படுவன அகல்விளக்குகள், பொம்மைகள், மின்காப்புப் பொருள்கள் முதலியன. வைக்கோல் பொதிந்து அடுக்கப்படும் பொம்மைகள் வண்டியின் இடத்தை நிறைக்குமே அன்றி, எடையை நிறைப்பதில்லை. ஆயினும், ஒரு பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டால் அவற்றில் விரிசல் காணும். இவ்விரண்டையும் ஒரே சிறுசரக்கு வண்டி சுமக்க நேரின், அதன் பின்புற வில் எத்தகையதாய் இருத்தல் வேண்டும்?

நம் பட்டறைகளில் அவ்வில்லைக் 'கமான்பட்டை' என்பர். 'கமான்' என்னும் பாரசீகச் சொல்லுக்கு வில் என்பதே பொருள். பட்டைவில் பொருத்திய மாட்டுவண்டியை நம் முன்னோர் 'வில்வண்டி' என்றதையும் இங்கு நினைக்கலாம். வளைந்த எஃகுப் பட்டைகள் பல, நீண்டது மேலும் குறுகியவை கீழுமாக அடுக்கப்பட்டு, நடுவில் அச்சோடு பிணைக்கப்பட்டிருக்கும். மேற்பட்டையின் ஒரு முனை வண்டிச் சட்டத்தோடு நேரே இணைக்கப்படும். மறுமுனை ஊசலாடும் ஓர் இணைப்பில் தொங்கும். பாரம் ஏறும்போது வளைவு தட்டையாகிப் பட்டையின் நீளம் கூடுவதால் இவ்வூசல் தேவைப்படுகிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதும் வீணன்று; அவ்வுராய்வே அதிர்வைச் சிறிது அடக்குகிறது.

மிகுந்த பாரம் ஏற்ற விரும்புவோர் பட்டறையில் கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கச் சொல்வதுண்டு. வில் விறைக்கும், களிமண் ஏற்றினாலும் வண்டியின் பின்புறம் தாழாது. ஆனால், அதே வண்டியில் பொம்மைகளை ஏற்றினால் அவ்விறைப்பு சாலையின் ஒவ்வோர் அடியையும் சரக்கிற்குக் கடத்தும். இதற்கு மாற்றாக அமைந்ததே துணைப்பட்டை. பாரம் குறைவாக உள்ளபோது அது வேலையின்றி இருக்கும். வில் ஓரளவு அமிழ்ந்த பின்னரே தாங்கத் தொடங்கும். குறைந்த பாரத்திற்கு மென்மை, மிகுந்த பாரத்திற்கு வன்மை என இரு குணங்களும் ஒரே வில்லில் வாய்க்கின்றன.

சரக்கை வண்டியின் மேல் ஏற்றாமல், பின்னால் டிரெய்லரில் கட்டி இழுக்கும்போது சிக்கல் வேறாகிறது. கொக்கி இருப்பது பின்னச்சுக்கும் பின்னால். ஆகவே பின்னச்சு ஒரு நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிவிடுகிறது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடைவெளி 3 மீட்டர், கொக்கி பின்னச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் எனக் கொள்வோம். கொக்கியை டிரெய்லர் 300 கிலோ எடையால் அழுத்தினால், முன்னச்சிலிருந்து 120 கிலோ குறையும். பின்னச்சிலோ 420 கிலோ கூடும். முன்சக்கரங்களின் பிடிப்புத் தளர்வதால் திருப்புவதும் நிறுத்துவதும் கடினமாகும். பின்புறம் தாழ்ந்து முன்புறம் உயர்வதால் முகப்புவிளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் பாயும்.

அவ்வாறாயின் கொக்கியின்மேல் பாரமே விழாதபடி, சரக்கை டிரெய்லரின் பின்பகுதியில் அடுக்கிவிடலாமா? அது இன்னும் கொடிது. மாட்டுவண்டி ஓட்டியவர்க்கு இது தெரிந்ததே. முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் அதே நுகத்தடி மேலே எழும்பும். டிரெய்லரில் பின்பாரம் மிகுந்தால் கொக்கி மேல்நோக்கி இழுக்கப்பட்டு, இழுக்கும் வண்டியின் பின்சக்கரங்கள் பிடிப்பை இழக்கும். அப்போது கடந்துசெல்லும் ஒரு பேருந்தின் காற்று பட்டாலும் போதும். டிரெய்லர் பாம்புபோல் இருபுறமும் அலையத் தொடங்கும். வேகம் மிகுந்திருப்பின் ஒவ்வோர் அலைவும் முந்தியதைவிடப் பெரிதாகும். ஓட்டுநர் பதறித் திருப்பும் ஒவ்வொரு திருப்பமும் சற்றுத் தாமதித்தே பயன் தருவதால், அலைவை அடக்காமல் வளர்த்துவிடும். திடீரென நிறுத்தமிதியை அழுத்தினால் பின்னாலிருந்து டிரெய்லர் உந்தித் தள்ளும். முடுக்கியிலிருந்து காலை மெல்ல எடுத்து, திருப்புசக்கரத்தை நேராகப் பிடித்து, வேகம் தானே தணிய விடுவதே வழி.

கரும்பு வெட்டும் பருவத்தில் கடலூர் மாவட்டச் சாலைகளில் செல்லும் டிராக்டர்களிலும் இக்கணக்கே இயங்குகிறது. டிராக்டரின் பின்னச்சுக்கு வில்லே இல்லை. பெருஞ்சக்கரத்தின் காற்றே அதற்கு வில். இருசக்கர டிரெய்லரில் கரும்பை முன்பக்கம் மிகுதியாக அடுக்கினால், மேட்டில் ஏறும்போது டிராக்டரின் முன்சக்கரங்கள் தரையைவிட்டு எழும். நான்கு சக்கர டிரெய்லர் தன் பாரத்தைத் தானே தாங்குவதால் கொக்கியை அவ்வளவாக அழுத்தாது. எனினும், நிறுத்தும்போது உந்துகின்ற விசை அதற்கும் உண்டு.

பட்டை சேர்த்ததால் வண்டியின் தாங்குதிறனே கூடிவிட்டதாகக் கருதுவது பரவலான பிழை. வில் மட்டுமே வலுத்தது. அச்சும் டயரும் சட்டமும் நிறுத்தமைப்பும் பழைய அளவிலேயே உள்ளன. பின்புறம் தாழாமல் நிமிர்ந்து நிற்பதால் மிகைபாரம் கண்ணுக்குத் தெரியாமல் போவதே இதிலுள்ள பெருந்தீங்கு. சட்டம் வில்லைப் பார்ப்பதில்லை. பதிவுச் சான்றில் குறித்த எடையையே பார்க்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, மிகைபாரத்திற்குத் தண்டம் 20,000 ரூபாய். மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய்.

கருவியின்றியும் ஓரளவு சோதிக்கலாம். சமதரையில், டிரெய்லரை மாட்டுவதற்கு முன்னும் மாட்டிய பின்னும், முன்சக்கரத்திற்கு மேலுள்ள இடைவெளியைச் சாணால் அளந்து பார்க்க வேண்டும். அது இரண்டு விரற்கடை உயர்ந்திருப்பின், புறப்படுவதற்கு முன் சரக்கைச் சிறிது பின்னுக்கு நகர்த்தி மீண்டும் அளக்க வேண்டும். கொக்கி மேலெழும் அளவுக்கு மட்டும் நகர்த்திவிடக் கூடாது.