செல்லுஞ்செலவைக் கணக்குப் பாருங்கள்
ஏ.சி. தொழிற்பயிற்சியும் கடன் சுமையும்



பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வந்தவுடன், மும்பையிலும் பெங்களூரிலும் டெல்லியிலும் பிழைக்க வந்த நம் சபைக் குடும்பங்கள் பலவற்றில் ஒரு கேள்வி எழும்புகிறது. கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லை. பிள்ளைக்கு ஒரு கைத்தொழில் வேண்டும். எதைத் தெரிந்துகொள்வது? பலருடைய கண்கள் இன்று ஏ.சி., ஃபிரிட்ஜ் மெக்கானிக் தொழிலின்மேல் இருக்கின்றன.

இது நல்ல தொழில். அப்போஸ்தலனாகிய பவுலும் கூடாரம் பண்ணித் தம் கைகளால் பிரயாசப்பட்டார் (அப். 18:3). ஆனால் தொழில் நல்லதாயிருப்பதினாலேயே அதற்காக வாங்கும் கடனும் நல்லதாகிவிடாது. கோபுரம் கட்ட மனதுள்ளவன் முதலாவது உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கவேண்டும் என்பது நம் ஆண்டவரின் போதனை (லூக்கா 14:28). கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் அல்ல, அது கீழ்ப்படிதல்.

திறந்திருக்கும் வாசல்கள்

முதலாவது, அரசு ஐ.டி.ஐ. பத்தாம் வகுப்பில் அறிவியலும் கணிதமும் படித்துத் தேறியவர்களுக்கு இரண்டு ஆண்டுப் பயிற்சி. கட்டணம் மிகக் குறைவு. முடிவில் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். சேர்க்கை விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேறு மாநிலத்தில் குடியேறிய நாம் இருப்பிடச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ் முதலியவற்றை முன்னதாகவே ஆயத்தப்படுத்த வேண்டும்.

இரண்டாவது, தனியார் ஐ.டி.ஐ. முறையான இணைப்பு உள்ளதானால் அதே சான்றிதழ்தான், கட்டணமோ பன்மடங்கு.

மூன்றாவது, சில மாதங்களில் முடியும் தனியார் பயிற்சி மையங்கள். நூறு சதவீதம் வேலை உறுதி என்ற விளம்பரம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. அவர்கள் கொடுப்பது அந்த மையத்தின் சொந்தச் சான்றிதழா, அரசு அங்கீகாரம் பெற்றதா என்று விசாரியுங்கள்.

நான்காவது, கற்றுக்கொண்டே ஊதியம் பெறும் அப்ரண்டிஸ் பயிற்சி. 2019இல் இதற்கான குறைந்தபட்ச மாத உதவித்தொகை, கல்வித் தகுதிக்கேற்ப ரூ. 5,000 முதல் 9,000 வரை என நிர்ணயிக்கப்பட்டது. கடனின்றிக் கற்க இது ஒரு வழி.

கடனின் கணக்கு

ஒரு குடும்பம் பயிற்சிக்காக ரூ. 80,000 கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். தெருவில் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினால், மாதம் ரூ. 2,400 வட்டி. மூன்று ஆண்டுகளில் ரூ. 86,400 வட்டி கட்டியிருப்பார்கள். அசல் 80,000 அப்படியே நிற்கும்.

அதே தொகையை வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் வாங்கி மூன்று ஆண்டுகளில் தீர்த்தால், மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 2,660. முடிவில் அசலும் வட்டியும் தீர்ந்துவிடும். மாதம் 260 ரூபாய்தான் வித்தியாசம். ஒருவன் விடுதலையாகிறான், மற்றவன் கட்டப்பட்டே இருக்கிறான்.

திறன் பயிற்சிக்கென்று 2015இல் மத்திய அரசு கொண்டுவந்த கடன் திட்டத்தின் உச்சவரம்பு ரூ. 1.5 லட்சமாயிருந்தது, 2024இல் அது ரூ. 7.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. அரசின் உத்தரவாதம் வங்கிக்கே அன்றி நமக்கு அல்ல. வாங்கியவரே திருப்பிக் கட்டவேண்டும். கொடுக்கிறார்கள் என்பதற்காக அளவுக்கு மிஞ்சி வாங்கலாகாது.

மழைக்கால வருமானம்

இத்தொழிலுக்குப் பருவம் உண்டு. மார்ச் முதல் ஜூன் வரை ஓய்வே இராது. மழை தொடங்கியதும் அழைப்புகள் குறைந்துவிடும். ஆனால் தவணைக்கு மழைக்காலம் கிடையாது.

கோடையில் ஒருவன் கையில் 20,000 வருகிறது, மழையில் 12,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகைப் பங்கு, சாப்பாடு, ரயில் செலவு எல்லாம் 10,000. கோடையில் 2,660 தவணை எளிது. மழையில் மீதி 2,000தான். ஆகையால் விளம்பரம் சொல்லும் சம்பளத்தைக்கொண்டு அல்ல, மிகக் குறைந்த மாதத்து வருமானத்தைக்கொண்டே கடனை அளவிடுங்கள். செழிப்பான வருஷங்களில் பஞ்சகாலத்துக்குச் சேர்த்துவைத்த யோசேப்பின் ஞானம் (ஆதி. 41) இத்தொழிலாளிக்கு ஒவ்வொரு ஆண்டும் தேவை. கேஜ், வேக்குவம் பம்ப், கிளாம்ப் மீட்டர் முதலிய கருவிகளின் விலையையும் கணக்கில் சேருங்கள்.

பணம் கட்டுமுன் கேளுங்கள்

1. சான்றிதழை வழங்குவது யார்?

2. புதிய வாயுக்களைக் கையாளக் கற்றுத்தருகிறார்களா? பழைய ஆர்-22 வாயுவை 2030க்குள் பெரும்பாலும் கைவிட இந்தியா உடன்பட்டிருக்கிறது. ஆர்-32, ஆர்-290 ஆகியவை தீப்பற்றக்கூடியவை. பழைய பழக்கத்தோடு இவற்றைத் தொடுவது உயிருக்கு ஆபத்து.

3. பட்டறையில் பிள்ளை தன் கையால் வேலை செய்யும் நேரம் எவ்வளவு?

4. நடுவில் நின்றால் பணம் திரும்பக் கிடைக்குமா? எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை அடகுபோல் ஒப்படைக்காதிருங்கள்.

5. சென்ற ஆண்டு முடித்தவர்கள் இருவரையாவது சந்தித்து, மழைக்காலத்தில் என்ன கிடைத்தது என்று கேளுங்கள்.

கடன் வாங்கினவனின் ஞாயிறு

கடன் வாங்கினவன் கொடுத்தவனுக்கு அடிமை என்று ஞானி எச்சரித்தார் (நீதி. 22:7). ஏ.சி. தொழிலில் இந்த அடிமைத்தனம் எப்படி வெளிப்படுகிறது? தவணை நெருக்கும்போது வாலிபன் ஞாயிறு ஆராதனையை விட்டு வேலைக்கு ஓடுகிறான். இன்னும் ஒரு வீடு முடிக்கவேண்டுமென்ற அவசரத்தில், இடுப்புப் பட்டை இல்லாமல் ஏழாம் மாடி வெளிச்சுவரில் இறங்குகிறான். அவனைத் தள்ளுவது தொழில் அல்ல, கடன்.

ஆகவே, தாயின் நகையை அடகுவைத்து அவசரமாய்ச் சேருவதைவிட, அரசு ஐ.டி.ஐ. இடத்துக்காக ஓர் ஆண்டு காத்திருப்பது நலம். அந்த ஆண்டில் ஒரு மெக்கானிக்கிடம் உதவியாளனாய் இருந்து தொழிலை அறியட்டும். காத்திருப்பதை வெட்கமென்று எண்ணாதிருங்கள். சபையில் இத்தொழில் அறிந்த மூத்த சகோதரர்கள் உண்டானால், பிள்ளைகளை அவர்களோடு உட்காரவையுங்கள். ஜெபித்துவிட்டுக் காகிதமும் பேனாவும் எடுங்கள். கணக்குப் பார்த்துவிட்டு மறுபடியும் ஜெபியுங்கள்.

உங்கள் பிள்ளைகளின் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதித்து, ஒருவருக்கும் கடன்படாத சமாதானத்தைத் தந்தருள்வாராக. ஆமென்.