போர்க்கால நாணயத்தாள்கள்: ஒரு வரலாற்று நோக்கு

நாணயத்தாள் சேகரிப்பு பெரிதும் ஒரு பொழுதுபோக்காகவே கருதப்பட்டு வந்துள்ளது. எனினும், உள்நாட்டுப் போரொன்றின் சமூக வரலாற்றை ஆராய்வோர்க்கு அக்காலத் தாள்கள் ஆவணங்களாகவும் அமையும் தன்மையன. 1983 முதல் 2009 வரை நீடித்த இலங்கைப் போரை முன்வைத்து இதனைச் சுருக்கமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

போர்க்காலத் தாள்கள் என்றதும் பிறநாட்டுச் சேகரிப்பாளர் கருதுவது போட்டி அரசுகள் வெளியிட்டவற்றையே. ஐக்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) தென்மாநிலக் கூட்டமைப்பு வெளியிட்ட தாள்கள் பல, சமாதான உடன்படிக்கைக்குப் பின்னரே பணம் செலுத்துவதாக வாக்களித்தன. தோல்வியோடு அவ்வாக்குறுதி பொய்த்தது. 1868 இல் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தம் கூட்டமைப்பின் கடன்களைச் செல்லாதவையாக்கியது. பியாபிரா 1968 இல் வெளியிட்ட பவுண் தாள்களும் 1970 இல் அவ்வரசோடு வீழ்ந்தன.

இலங்கை நிலைமை வேறானது. விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டுப் பகுதியில் காவற்றுறை, நீதிமன்றம் ஆகியவற்றையும், 1994 இல் தமிழீழ வைப்பகத்தையும் நிறுவினர். ஆயினும் அங்கு புழங்கியது இலங்கை ரூபாவே. அப்பகுதி அரச ஊழியரின் சம்பளம் கொழும்பிலிருந்தே வந்தமையும், போர் எல்லையைக் கடந்து வணிகம் நடந்தமையும் இதனோடு இணைத்து நோக்கற்பாலன. கண்டியிலிருந்து அக்குறணை, மாத்தளை வழியாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதி 2002 இல் மீளத் திறக்கப்பட்டு, 2006 இல் மீண்டும் மூடப்பட்டது. அக்குறணை வணிகரின் பணப்பெட்டியிலும் வன்னி உழவரின் மடியிலும் இருந்தது ஒரே தாள்தான். இரு தரப்பாரையும் போர் பிரித்தது, நாணயம் பிரிக்கவில்லை.

தாளில் அச்சிடப்பட்ட திகதி சேகரிப்பாளர் கவனிக்க வேண்டிய முதன்மைக் கூறாகும். 2001.12.12, 2004.04.10, 2004.07.01, 2005.11.19 எனும் திகதிகள் அக்காலத் தாள்களிற் காணப்படுவன. இவை நிதியமைச்சர், மத்திய வங்கி ஆளுநர் போன்ற உயர்பதவிகள் கைமாறிய நாட்களோடு பொருந்துகின்றன. இறுதியாகச் சுட்டியது மகிந்த ராஜபக்ச சனாதிபதியாகப் பதவியேற்ற நாள். ஆகவே, அத்திகதியை அச்சிட்ட நாளாகவோ புழக்கத்துக்கு வந்த நாளாகவோ கொள்வது தவறாகும்.

1991 இல் தொடங்கிய வரிசையின் ஆயிரம் ரூபாத் தாளில் கண்டித் தலதா மாளிகையின் எண்கோண மண்டபமான பத்திரிப்புவ இடம்பெற்றது. அத்தாள் புழக்கத்திலிருந்த காலத்திலேயே, 1998 சனவரி 25 இல், அம்மாளிகை குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கண்டியில் நடைபெறவிருந்த சுதந்திரப் பொன்விழா கொழும்புக்கு மாற்றப்பட்டது. அவ்விழாவையொட்டி வெளியான 200 ரூபாத் தாளே இலங்கையின் முதலாவது பொலிமர் தாளாகும். நாணயத்தை வெளியிடும் மத்திய வங்கியும் 1996 சனவரி 31 இல் தாக்கப்பட்டு, தொண்ணூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

போர் முடிந்தபின் வெளியான, 2009.05.20 எனத் திகதியிட்ட ஆயிரம் ரூபா ஞாபகார்த்தத் தாள், ஒருபுறம் பதவியிலிருந்த சனாதிபதியையும் மறுபுறம் கொடியேற்றும் படையினரையும் காட்டுகின்றது. வென்றோர் தம் வரலாற்றைத் தாளிலே பொறிக்கின்றனர். ஏனையோர் வரலாற்றைத் தாளின் புழக்கத்திலேயே தேட வேண்டும். 1990 ஒக்ரோபரில் வடமாகாண முசுலிம்கள் வெளியேற்றப்பட்டபோது, சிறுதொகைப் பணத்தை மட்டுமே கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட்டனர். அவர்கள் கையிலிருந்த தாள்களில் இதற்கான எவ்வடையாளமும் இல்லை.

சந்தை மடிப்பற்ற புதுத்தாளுக்கே உயர்விலை தருகின்றது. வரலாற்றாய்வுக்கோ மடிந்து கறைபட்ட தாளே பெறுமதி மிக்கது. ஆனால், அது யாரிடமிருந்து, எவ்வூரிலிருந்து, எச்சூழலிற் கிடைத்தது எனும் குறிப்பு இல்லையேல் அப்பெறுமதி இழக்கப்படும். ஒட்டுநாடா ஒட்டுதல், சூடாக்கிப் பிளாத்திக்கு உறையிடுதல், கழுவுதல் ஆகியன தாளைக் கெடுப்பன. ஈரமும் வெயிலும் படாத இடத்தில் அமிலமற்ற உறையில் வைத்தல் நன்று. தாளைத் தந்தவர் வாழும்போதே அவர் வாய்மொழியைப் பதிந்து அதனுடன் சேர்த்துவைத்தல் இன்றைய தலைமுறையின் கடனாகும். இன்றேல் எஞ்சுவது விலைப்பட்டியல் மட்டுமே.