ஓடுகிற பஸ்ஸில் ஏறும் ஸ்கிரிப்ட்

சிவில் பிரிவுக்காரனுக்குக் கம்ப்யூட்டர் கட்டுரை எதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மாடக்குளம் கண்மாய்க் கரையில் வெயிலில் நின்று லெவல் எடுக்கிறோம். சாயங்காலம் லேப்பில் எக்செல்லில் நூறு புள்ளிகள். பக்கத்து ஜன்னலில் ஆட்டோகேடில் பாதி வரைந்த படம், அதுவும் சேவ் செய்யாதது. புள்ளிகளை ஒவ்வொன்றாக அடித்து முடிப்பதற்குள் லேப்பைப் பூட்ட ஆள் வந்துவிடுவார்.

சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போதும். ஆனால் நம்மில் பலர் எழுதுவது 'கிரியேட்ஆப்ஜெக்ட்'. அது புதுசா இன்னொரு ஆட்டோகேடைத் திறக்கும். பழைய மெஷின் திணறும்; புள்ளிகள் விழுவதோ காலிப் படத்தில்! பெரியார் பஸ் நிலையத்தில் நம்மூர் பஸ் உறுமிக்கொண்டு நிற்க, புது பஸ் வாங்கப் போன கதைதான்.

நமக்கு வேண்டியது 'கெட்ஆப்ஜெக்ட்', பைதானில் 'கெட்ஆக்டிவ்ஆப்ஜெக்ட்'. விண்டோஸுக்குள் 'ரன்னிங் ஆப்ஜெக்ட் டேபிள்' என்று ஒரு வருகைப் பதிவேடு உண்டு. ஓடுகிற எக்செல், ஆட்டோகேட் எல்லாம் அதில் பெயர் பதியும். ஸ்கிரிப்ட் அதைப் பார்த்துத்தான் ஆளைப் பிடிக்கிறது. ஆட்டோகேடை இப்படி வெளியிலிருந்து இயக்கும் வசதி 1997-ல் வந்த ரிலீஸ் 14-லிருந்து இருக்கிறது.

ஒரு கமாவில் விஷயம் இருக்கிறது. 'கெட்ஆப்ஜெக்ட்'டில் முதல் இடத்தைச் சும்மா விட்டு, கமா போட்டு, பிறகு 'எக்செல்.அப்ளிகேஷன்' என்று எழுத வேண்டும். அந்த முதல் இடத்தில் வெறும் மேற்கோள் குறிகளைப் போட்டால், மறுபடி புது எக்செல்தான் வரும்!

எக்செல் கண்முன்னே திறந்திருக்கும், ஆனாலும் 429 என்று பிழை வரும். பயப்படாதீங்க. எக்செல் திறந்த கையோடு பெயர் பதியாது. நாம் வேறு ஜன்னலைக் கிளிக் செய்த பிறகே பதியும். அப்புறமும் அகப்படவில்லையா? ஒன்றை அட்மினிஸ்ட்ரேட்டராகவும் மற்றதைச் சாதாரணமாகவும் ஓட்டுகிறீர்களா என்று பாருங்கள். இரண்டுக்கும் பதிவேடு ஒத்துப்போகாது. ஒரு செல்லில் பாதி டைப் செய்தபடி விட்டிருந்தால், எக்செல் ஸ்கிரிப்டின் பேச்சைக் கேட்காமல் திருப்பி அனுப்பும். என்டர் தட்டிவிட்டு மறுபடி ஓட்டினால் சரி.

முக்கியமானது 'க்விட்'. 'டிஸ்ப்ளேஅலர்ட்ஸ்' நிறுத்தியிருக்கும்போது க்விட் கொடுத்தால், சேவ் செய்யட்டுமா என்று கேட்காமலே எக்செல் மூடிக்கொள்ளும். அன்றைய லெவல் கணக்கு மொத்தமும் போச்சு. அதனால் ஸ்கிரிப்டின் தலையிலேயே 'நானே திறந்தேனா' என்று ஒரு வேரியபிள் வையுங்கள். 'இல்லை' என்றிருந்தால் க்விட் வரியைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். பார்ட்னர் வந்து படத்தைப் பார்த்து, அவரே சேவ் செய்துகொள்ளட்டும்.